ஓட்டுப்பிட்டிக்குப் போகும் வழி

இன்று காலையில் எங்கள் ஒழுங்கையைத் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாய் போடுகிறார்களாம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மேலே தார் தெரியும். கீழே என்ன கிடக்கிறதென்று யாரும் நினைப்பதில்லை. பிக்காசு விழுந்து தார் பெயர்ந்ததும் அடியிலிருந்த ஈரமண்ணின் மணம் எழும்பி மாடி வரைக்கும் வந்துவிட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றேன். ஒரு காலத்தில் உன் பாவாடையிலும் நகக்கண்ணிலும் இருந்த மணம் அது.

நீ கனடாவில் கண்மூடிய செய்தி வந்து ஒரு மாரி கழிந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுதுவதைவிட உலக்கை பிடிப்பது சுகம். ஆனாலும் உன்னோடு கதைக்க இன்னும் மிச்சம் இருக்கிறது, நீயோ போன் எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறாய். நம் இருவருக்கும் இடையில் கிடந்தது ஒரே விஷயந்தான்: என் மூத்த பெண்பிள்ளை எந்த மண்ணுக்குள் கிடக்கிறாள் என்பது. மற்றக் கோபமெல்லாம் அதில் முளைத்ததுதான்.

நான் உன் அண்ணரைக் கட்டிக்கொண்டு வந்தபோது நீ இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். வந்த அடுத்த வருஷம் மார்கழி வெள்ளத்துக்குள் பிள்ளை பிறந்தது. துடக்குக் கழிய முன்பே போய்விட்டது. பச்சைப் பிள்ளையைச் சுடுவதில்லை, புதைப்பார்கள். பெண்கள் அந்த இடத்துக்குப் போவதும் இல்லை. உன் அண்ணரும் மாமனார் அப்புவும் துணியில் சுற்றி மழைக்குள் கொண்டுபோனார்கள். நான் குசினி வாசலில் குந்தியிருந்து பார்த்தேன். அவர்கள் திரும்பி வர வெகு நேரமாயிற்று. "எங்கை?" என்று கேட்டேன். "சுடலையெல்லாம் வெள்ளம். எங்கடை பனங்காணி எல்லையிலை, பூவரசடியிலை வைச்சிருக்கிறம்," என்றார் உன் அண்ணர். அந்தப் பூவரசு குசினி வாசலில் இருந்து பார்த்தால் தெரியும். அடியில் மண் கிளறியிருந்தது. ஒரு கல்லும் வைத்திருந்தார். நான் வருஷந்தோறும் மார்கழியில் அந்தக் கல்லடியில் பால் வார்த்தேன். பிறகு பெடியன் பிறந்தான், வளர்ந்தான். பால் வார்ப்பதை நான் விடவில்லை.

அந்த நாளிலேயே உனக்குப் பைத்தியம் ஓட்டுப்பிட்டியில்தான். பிள்ளையார் கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மண்மேடு அது. எருக்கலையைத் தவிர ஒன்றும் முளைக்காது. கால் வைத்தால் பழைய சட்டி ஓடுகள் நொறுங்கும். முந்தின காலத்துச் சனம் இருந்த இடம் என்று கிழவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீ அந்த ஓடுகளைப் பாவாடையில் அள்ளி வந்து கிணற்றடியில் கழுவி அடுக்குவாய். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. "எங்கடை வீட்டிலை இருக்கிற சட்டி காணாதெண்டோ இதையும் கொண்டு வாறாய்?" என்று நான் கேட்டால் நீ பல்லைக் காட்டிச் சிரிப்பாய்.

பல்கலைக்கழகம் போய் அதையே படித்து, பிரச்சினை தொடங்கிய புதிதில் கயிறும் கட்டையும் தூரிகையுமாக ஊருக்கு வந்திறங்கினாய். கூட நாலைந்து மாணவர்கள். மேட்டில் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டினீர்கள். மாமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பொம்பிளைப் பிள்ளை செத்தவையின்ரை எலும்பைக் கிண்டிக்கொண்டு நிண்டால் உன்னை ஆரடி கட்டுவான்?"

"கட்டாட்டி விடட்டும் அம்மா. தாழிக்குள்ளை கிடக்கிறவை சீதனம் கேட்டு வரமாட்டினம்," என்றாய்.

மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாழி வந்தது. உள்ளே எலும்பும், கிண்ணம் போலச் சின்னச் சட்டிகளும். கொழும்பிலிருந்து உன் வாத்தியார் வந்து பார்த்துவிட்டு உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கதைத்தார். அத்தனை பேருக்கும் புட்டும் கறியும் அவித்துக் கொட்டியவள் நான். அடுப்புப் புகையில் என் கண் பழுதானது அந்த மாதத்தில்தான்.

பிறகு ஒருநாள் மத்தியானம் கயிறுகளை அவிழ்த்தாய். தோண்டிய குழியை நீயே மூடினாய். "நாங்கள் நினைச்ச மாதிரி இல்லை. பிற்காலத்துக் குப்பை. மேலை தோண்டிப் பிரயோசனம் இல்லை," என்றாய். எங்கள் முற்றத்தில் வைத்தே வாத்தியார் உன்னை ஏசினார். நீ நிலத்தைப் பார்த்தபடி நின்றாய். உன் பட்டம் அத்தோடு போனது. ஏன் என்று கேட்டேன், மூன்று நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "சும்மா விடுங்கோ மச்சாள்," என்றாய். என் புட்டைத் தின்றவள் எனக்கு ஒரு மறுமொழி சொல்லவில்லை என்பதை நான் நெஞ்சில் முடிந்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊர் எல்லாருக்கும் நடந்ததுதான். ஒரு ஆனி மாதத்தில் ஷெல்லடிக்குள் உடுத்த துணியோடு வெளிக்கிட்டோம். கரையோரம் முழுவதும் இராணுவத்தின் கையில் போனது. உயர் பாதுகாப்பு வலயம் என்று முள்ளுக்கம்பி அடித்தார்கள். பூவரசும் பிட்டியும் கோவிலும் கம்பிக்கு உள்ளே. இடம்பெயர்ந்த கொட்டிலில் உன் அண்ணர் காய்ச்சலில் போனார். அவருக்கு முன்பே மாமியும் அப்புவும் போய்விட்டார்கள். பெடியனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தபடியால் நான் வெள்ளவத்தைக்கு வந்தேன். வாடகைக்கு ஒரு அனெக்ஸ், ஒரு அறை, பொலிசில் பதிந்த துண்டு. நீயும் கனடா விசாவுக்காக வந்து அந்த அறையின் மற்றப் பாயில் படுத்தாய்.

சும்மா இருக்க உன்னால் முடியாது. எங்கேயோ ஒரு ரேப் றெக்கோடர் வாங்கினாய். கம்பிக்குள் போன ஊர்களின் கிழவன் கிழவிகளைத் தேடித் திரிந்தாய். "தோண்டத்தான் விடமாட்டினம். கேக்கிறதுக்கு ஆர் தடை?" என்றாய். லொட்ஜ் படிக்கட்டிலும் சொந்தக்காரர் வீட்டு மூலையிலும் இருந்தவர்களிடம் கிணறு எங்கே, பாதை எங்கே, எந்தக் காணிக்குள் என்ன புதைந்திருந்தது என்று கேட்பாய். அவர்களும் மகன் மருமகள் கேட்காத கதையை உனக்குக் கொட்டினார்கள்.

கொட்டாஞ்சேனைக்கு என்னையும் ஒருநாள் கூட்டிப் போனாய். மாதா கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையில் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர், வாத்தியக்காரர், இருந்தார். கோவிலிலிருந்து கடலுக்குப் போகும் பாதையை ஒரு மணித்தியாலம் சொன்னார், நடப்பது போலவே மூச்சு வாங்கிக்கொண்டு. திரும்பி வரும்போது செக்பொயின்ரில் பஸ்ஸை மறித்தார்கள். பொலிஸ்காரன் உன் பையிலிருந்து பெட்டியை எடுத்து, "மேக்க மொகத?" என்றான், சிங்களத்தில் இது என்னவென்று. போட்டுக் காட்டச் சொன்னான். கிழவரின் குரல் வந்தது: "தெற்காலை திரும்பு, அங்கை ஒரு மதகு..." இராணுவம் இருக்கும் இடத்துக்குப் பாதை சொல்லும் குரல் அல்லவா? நீ ஆடவில்லை. "பரண கதந்தர, சேர். சீயா கெனக்கே," என்றாய். பழங்கதை, ஒரு தாத்தாவின் கதை. அவன் கொஞ்ச நேரம் கேட்டான். கிழவர் அந்த இடத்தில் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவே இல்லை. அவன் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"உவற்றை இருமல் எங்களைக் காப்பாத்திப் போட்டுது," என்றாய் பஸ்ஸுக்குள்.

"இருமாமல் இருந்திருந்தால் பொலிசின்ரை நாலாம் மாடியிலை போய்க் கதை கேட்டிருப்பாய்," என்றேன்.

அதற்கு அடுத்த நாள் நானே உன்னிடம் சொன்னேன்: "எல்லாற்றை கதையும் பிடிக்கிறாய். என்ரையையும் பிடி." நீ தயங்கினாய். நான் பாயில் சம்மணமிட்டு இருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். மார்கழி வெள்ளம், துணிச்சுற்று, குசினி வாசல். "பூவரசடியிலை என்ரை பிள்ளை கிடக்குது," என்று சொன்ன இடத்தில் நீ கையை நீட்டி றெக்கோடரை நிற்பாட்டினாய்.

"ஏன்?"

"பற்றரி முடிஞ்சுது."

பற்றரி முடியவில்லை. பின்னேரம் அதே பெட்டியில் நீ பாட்டுக் கேட்டாய், நான் குசினியில் இருந்து கேட்டேன். ஊரில் எல்லாருடைய மாட்டுக் கொட்டிலும் மதகும் உனக்கு வேணும், என் பிள்ளை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். நீ பிளேனேறப் போன நாளில் வாசல்வரைக்கும் வந்தேன், வழியனுப்ப எயார்போட்டுக்கு வரவில்லை. அதுவும் உனக்குத் தெரியும்.

கனடா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுப்பாய். எங்களிடம் போன் இல்லை. கீழே கொமினிகேசன் என்று போன் கடை வைத்திருந்தவர், "அக்கா, கனடா," என்று குரல் கொடுப்பார், நான் படியிறங்கி ஓடுவேன். கோபம் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். வெளிநாட்டுக் குரலுக்காகக் கதிரைகளில் காத்திருக்கிற சனத்துக்கு நடுவில் நின்று கதைப்பேன். ஒருவர் கதைப்பதை எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

வடக்கே தூரத்தில் உனக்கு வேலை கிடைத்ததாகச் சொன்னாய். கிறீ என்ற சனமாம், அந்த மண்ணின் பழைய சனம். மின்சாரத்துக்காக ஆற்றை மறித்து அணை கட்டினார்களாம். தண்ணீர் ஏறிக் கரையை அரித்து அவர்களின் முன்னோரை வெளியே தள்ளிக்கொண்டிருந்ததாம். கரை இடிய முன்பு போய்ப் பார்த்து, எலும்பை எடுத்து, மூத்தவர்களிடம் கேட்டு, உயரமான இடத்தில் திரும்பப் புதைக்கிற கூட்டத்தில் நீ ஒருத்தி.

"அங்கையும் உன்னை மண் கிண்டத்தான் விட்டிருக்கினமோ?"

"ஓம் மச்சாள். பனி உருகினாப் பிறகுதான். மிச்ச நாளெல்லாம் இருந்து கதை கேக்கிறது. சில கதையளை மாரியிலைதான் சொல்லுவினம். பனி போனால் வாயைத் திறக்க மாட்டினம்."

"நல்ல பழக்கம். உனக்கும் அப்பிடி ஒண்டு இருந்திருக்க வேணும்."

"மூத்த ஆக்களிட்டை ஒண்டு கேக்கிறதெண்டால் முதல் புகையிலை குடுக்க வேணும். வாங்கினால்தான் சொல்லுவினம். வாங்காட்டி எழும்பி வரவேண்டியதுதான்."

"எங்கடை யாழ்ப்பாணத்துப் புகையிலையை ஒருக்கால் குடுத்துப் பார். கிழவி சுருண்டு விழுந்திடும்."

கதிரையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நீயும் அந்தப் பக்கம் சிரித்தாய். கிழவி என்றது நீ தங்கியிருந்த வீட்டுக் கிறீக் கிழவியை. தான் சொல்ல விரும்பாத இடம் வந்தால் அவள் உன் றெக்கோடர் மேல் கையை வைத்து மூடிவிடுவாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் குரல் வேறு மாதிரி இருந்தது. கிழவியின் தங்கச்சி ஒருத்தி குழந்தையிலேயே போய் ஆற்றங்கரையில் கிடந்தாளாம். அந்தக் கரை இடிந்தது உங்கள் கூட்டத்துக்கு முதலே தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வதென்று ஆளுக்காள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அவள் வேறு வழியாகக் கேள்விப்பட்டாள். ஏசவில்லையாம். உன் கோப்பையை மட்டும் மேசையிலிருந்து எடுத்து வைத்துவிட்டாளாம், தேத்தண்ணி ஊற்றவில்லை. "சொந்தக்காரிக்குக் கடைசியிலை சொல்ற பழக்கம் உங்கடை ஊரிலையும் இருக்கோ?" என்று மட்டும் கேட்டாளாம்.

"அதாலை சொல்லுறன் மச்சாள்," என்றாய். "பூவரசடியிலை பிள்ளை இல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தப் பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்கடை பிள்ளை. ஓட்டுப்பிட்டியிலை கிடக்கிறா."

நீ சொன்னாய், நான் கேட்டேன். பனங்காணியில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. குழி நிற்கவில்லை. ஊரில் உயரமான இடம் பிட்டி ஒன்றுதான். பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, எனக்குக் குசினி வாசலில் இருந்து பார்க்க ஓரிடம் வேண்டும் என்று உன் அண்ணர் பூவரசடியில் மண்ணைக் கிளறிக் கல் வைத்தார். நீ பிட்டியில் தோண்டியபோது ஓர் இடத்தில் மட்டும் ஓடே இல்லாததைக் கண்டு, அங்கே ஏதோ இருக்கிறதென்று கயிறு கட்டப் போனாய். அப்பு ஓடிவந்து உன் கையைப் பிடித்தார்: "அங்கை கட்டாதை. கொண்ணன்ரை பிள்ளை கிடக்குது." அந்த இடத்தை விட்டுத் தோண்டினால் வாத்தியார் ஏன் என்று கேட்பார். சொன்னால் என் காதுக்கு வரும். ஆகையால் மேட்டையே விட்டாய்.

"உங்கடை வாயாலை பூவரசெண்டு சொல்ல, அதைப் பிடிச்சு வைக்க எனக்கு மனம் வரேல்லை," என்றாய்.

நான் உன் அண்ணரை நினைத்தேன். ஒவ்வொரு மார்கழியிலும் நான் பால் கொண்டு போகும்போது அவர் கிணற்றடியில் நிற்பார். நான் திரும்பி வரும்வரைக்கும் அசையமாட்டார், என்னைப் பார்க்கவும் மாட்டார். மனுசனுக்கும் துக்கம் என்று இரங்கியிருக்கிறேன். இரங்கியது அவ்வளவும் பொய்க்கு. வெறுங்கல்லுக்கு ஊற்றிய பால். செத்தவரோடு சண்டை பிடிக்க வழியில்லை. நீ உயிரோடு இருந்தாய், ஆகவே உன்னோடு பிடித்தேன்.

"எல்லாருக்கும் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது. என்னை வைச்சு விளையாடியிருக்கிறியள்."

"ஏசுங்கோ. ஏசிப்போட்டு நான் சொல்றதைக் கேளுங்கோ. எனக்குப் பிறகு ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு வழி சொன்னாய். ஒரு சொல்லும் மறக்கவில்லை: "பிள்ளையார் கோவில் கிணத்தடியிலை நிண்டு கடலைப் பாருங்கோ. இடக்கைப் பக்கம் பனங்கூடல் முடியிற இடத்திலை பாதை ரெண்டாப் பிரியும். மேட்டுப் பாதையாலை ஏறுங்கோ. காலுக்குக் கீழை ஓடு நொறுங்கும். நொறுங்கிக்கொண்டே வரும், பிறகு ஒரு இடத்திலை சத்தம் நிண்டுபோம். ஒரு பிள்ளைப் பாய் அளவு. அங்கை வெறும் மண். பிள்ளைக்குக் குத்துமெண்டு அப்பு ஓடெல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சுபோட்டுத்தான் கிடத்தினவர்."

குத்துமென்று பொறுக்கியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த அழுகையைக் கதிரையில் இருந்த ஊர்பேர் தெரியாத சனம் பார்த்தது.

கடைசியாக ஒன்று கேட்டாய். "இஞ்சை திரும்பப் புதைக்கேக்கை ஒவ்வொருத்தரின்ரை பேரையும் சொல்லித்தான் மண் போடுவினம். எங்கடை பிள்ளைக்கு என்ன பேர் வைக்க இருந்தனீங்கள்?"

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியாமல் பேர் வைப்பதில்லை. வைக்காத பேரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெற்றவரும் கேட்கவில்லை. நான் மனதுக்குள் வைத்திருந்த பேரை வாயைக் கையால் மூடிக்கொண்டு போனுக்குள் சொன்னேன். நீ அதை ஒருமுறை திருப்பிச் சொன்னாய். கார்ட் முடிந்து லைன் அறுந்தது.

அடுத்த ஞாயிறு கொமினிகேசன்காரர் கூப்பிட்டபோது நான் இறங்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இறங்கவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததை நான் மன்னிக்கவில்லை. சொன்னதையும் மன்னிக்கவில்லை. பிறகு நீ கூப்பிடுவதை நிற்பாட்டினாய்.

சண்டை நின்றிருந்த காலத்தில் ஊர்க்காரர் ஒருவர் கோவில் பூசைக்கென்று பாஸ் எடுத்து, இராணுவ வாகனத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவரைத் தேடி முகத்துவாரம் வரைக்கும் போனேன்.

"பிட்டியோ? பிட்டி எங்கையக்கா இருக்கு? புல்டோசராலை வெட்டி அள்ளிக் கடற்கரை நெடுக அணை கட்டியிருக்கிறாங்கள். ஓடும் எலும்பும் எல்லாம் அதுக்குள்ளைதான். எங்கடை பூவரசெல்லாம் நிக்குது," என்றார்.

பிள்ளை இல்லாத இடம் நிற்கிறது. இருந்த இடம் இல்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கோபம் படியிறங்க விடவில்லை. இப்போது திரும்பவும் சண்டை. அணைக்கு அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது என்று யாருக்குத் தெரியும்? நீயும் போய்விட்டாய். அங்கே உன்னைக் கொண்டுபோனபோது பெண்களும் கூடப் போனார்களாம். அந்தக் கிழவி, அந்த வயதில், தூரத்திலிருந்து பிளேன் ஏறி வந்து நின்றாளாம். எனக்கு விசா இல்லை, போகவில்லை. விசா இருந்திருந்தால் போயிருப்பேனா என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

வழி என்னிடம் இருக்கிறது, நடக்க இடம் இல்லை. பேரும் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்ட ஒரே காது உன்னுடையது. நீ போன பிறகு அந்தப் பேர் நெஞ்சுக்குள் கிடந்து கனத்தது. இந்தக் கடிதத்திலும் அதை எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். பெடியனுடையதைச் சொன்னேன், பேரப்பிள்ளைகளுடையதைச் சொன்னேன். "வேறை?" என்றார். என் மகளின் பேரைச் சொன்னேன். மார்கழி, ஆயிலியம். அவர் மற்றப் பேர்களோடு சேர்த்து அதையும் உரக்கச் சொல்லிப் பூப்போட்டார். வாழ்கிற சனத்தின் பேர்களுக்கு நடுவில் அது ஒருமுறை ஒலித்தது. உன் பேரையும் சேர்த்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

"இது ஆர் ஆச்சி, புதுப் பேராக் கிடக்கு?" என்றார் தட்டைத் திருப்பித் தரும்போது.

"மூத்த மகள்."

"வெளிநாட்டிலையோ?"

"ஓம்," என்றேன்.

"நல்லா இருப்பா," என்று சொல்லி விபூதியைத் தந்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன்.